ஊமைக் குத்துச்சண்டைப் படங்கள் இன்றும் பார்க்கத்தக்கனவா?

பேசாப்படக் காலத்தில் குத்துச்சண்டையைக் கருவாகக் கொண்டு எடுக்கப்பட்ட மிகையுணர்ச்சிப் படங்களை இன்றைய இளைஞர் பார்க்கத்தான் வேண்டுமா என்னும் வினா நம்மிடம் அவ்வப்போது விடுக்கப்படுவதுண்டு. வினவுவோர் பெரும்பாலும் மாணவர்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடுகின்றது; நடிகர்கள் கண்ணை உருட்டியும் மார்பில் அறைந்தும் நடிக்கின்றனர்; மனிதர்கள் சாவி கொடுத்த பொம்மைகள்போல் விரைந்து ஓடுகின்றனர்; குத்து விழும் ஓசைகூடக் கேட்பதில்லை. ஓசையில்லாத குத்துச்சண்டை உப்பில்லாத கறியல்லவா என்று ஒரு மாணவ அன்பர் நகைச்சுவையாகவே கேட்டுவிட்டார்.

கேள்வி நியாயமானது, ஆகவே மழுப்பாமல் விடை கூறுவோம். அவ்வகைப் படங்களுட் பெரும்பாலானவற்றை இன்று எவரும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் அவற்றுட் சிலவற்றைப் பார்க்காது விடுவது பெரிய இழப்பு. அந்தச் சில படங்கள் கோதாவில் யார் வென்றார் என்பதைப் பற்றியன அல்ல என்பது நமது துணிபு. குத்துவதற்கென்றே பழக்கப்பட்ட ஒரு கை, கோதாவை விட்டு வெளியே வந்தபின் வீட்டிலே என்ன செய்கின்றது என்பதை அவை காட்டுகின்றன. இதனைக் காட்டப் பேச்சுத் தேவைப்படவில்லை. பேச்சு இல்லாதிருந்ததே ஒருவகையில் நன்மையாயிற்று.

சினிமாவும் குத்துச்சண்டையும் ஏறத்தாழ ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. 1867ஆம் ஆண்டிலே குவீன்ஸ்பெரிப் பிரபுவின் பெயரால் வெளியான விதிகள், கையுறை அணிந்து மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு என ஆட்டத்தை ஒழுங்குபடுத்தியிருந்தன. கயிறு கட்டிய சிறிய சதுரம், அதனுள்ளே இருவர், எல்லையைத் தாண்டி எவரும் ஓட முடியாது. அசைக்க முடியாத கனத்த கமராவை வைத்துக்கொண்டு திண்டாடிய ஆரம்பகாலப் படப்பிடிப்பாளருக்கு இதைவிட வசதியான காட்சி வேறெங்கே கிடைக்கும்? 1894ஆம் ஆண்டிலேயே எடிசனின் படப்பிடிப்புக் கொட்டகையில் ஜிம் கோர்பெற் என்னும் உலக வீரர் கமராவுக்கு முன்னால் ஆறு சுற்றுக்கள் சண்டையிட்டார். கருவியில் அடங்கும் படச்சுருளின் நீளம் கருதி ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ ஒரு நிமிடமாகக் குறுக்கப்பட்டது. விளையாட்டின் விதியைச் சினிமாவின் வசதிக்காக மாற்றும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்க.

அதே கோர்பெற் 1897ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரிலே பொப் பிற்சிமன்ஸ் என்பாருடன் மோதித் தோற்றார். அச்சண்டையை ஈனொக் றெக்டர் என்பவர் முழுமையாகப் படம் பிடித்தார். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய அப்படமே உலகின் முதல் முழுநீளப் படம் எனப் பலரும் கொள்வர். இன்று அதில் எஞ்சியிருப்பன சில பகுதிகளே. ஆக, நீண்ட நேரம் இருட்டில் அமர்ந்து வெண்திரையைப் பார்க்கும் பழக்கத்தை மக்களுக்கு முதலிற் கற்பித்த படங்களுள் ஒன்று இக்குத்துச்சண்டைப் படம் என்பதை மறுத்தற்கில்லை.

பின்னர் ஒரு தடை வந்தது. 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி றீனோ நகரில், உலக வீரரான கறுப்பினத்தவர் ஜக் ஜோன்சன், அவரை வீழ்த்தவென்றே ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட வெள்ளையர் ஜேம்ஸ் ஜெப்றிசைத் தோற்கடித்தார். அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலகம் மூண்டது. கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர். அச்சண்டையின் படத்தைப் பல ஊர்கள் தடை செய்தன. 1912ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டு செல்லக்கூடாது எனச் சட்டமே இயற்றிற்று. அச்சட்டம் நீங்கியது 1940ஆம் ஆண்டிலேதான். ஒரு கறுப்பு மனிதன் வெள்ளையனை வீழ்த்துவதைப் பிற மக்கள் காணலாகாது என்ற அச்சமே அச்சட்டத்தின் வேர். இதனை இங்கு எடுத்துக் கூறக் காரணம் உண்டு, பின்னர் வருவோம்.

மெய்யான சண்டைகளின் படங்களுக்கு இவ்வாறு விலங்கு பூட்டப்பட்டிருந்த ஆண்டுகளிலே கற்பனைச் சண்டைப் படங்கள் தாராளமாக வெளிவந்தன. உலகப் புகழ் பெற்ற வீரர்களே நடிகராயினர். பிரான்சு நாட்டு ஜோர்ஜ் கார்ப்பென்ரியரும் அமெரிக்கரான ஜக் டெம்சியும் 1920ஆம் ஆண்டிலே வெண்திரையில் தோன்றினர். ஜீன் ரன்னி 1926ஆம் ஆண்டில் ஒரு தொடர்படத்தில் நடித்தார். நடிப்புக்காக எவரும் அவர்களை அழைக்கவில்லை. முகத்தையும் தோளையும் காட்டினாற் போதும், கொட்டகை நிறைந்துவிடும்.

இப்படங்களின் கதையை நேயர்கள் ஊகிக்கலாம். ஏழை இளைஞன் ஒருவன், வலிய கை, நல்ல மனம். அவனுக்கு ஒரு காதலி, அல்லது நோயுற்ற தாய். செல்வமும் செருக்கும் மிக்க எதிரி ஒருவன். இளைஞன் முதலில் வெல்வான், புகழால் மயங்குவான், வீழ்வான், இறுதிச் சுற்றில் தரையிலே கிடந்து மத்தியஸ்தர் எட்டு, ஒன்பது என எண்ணும்போது காதலியின் முகத்தைக் கண்டு எழுவான். அவ்வளவே. கதை முன்னரே தெரிந்திருப்பதைக் குறையென்று நாம் கொள்ளவில்லை. இராமன் வெல்வான் என்று தெரிந்துதான் நம் பாட்டன்மார் விடிய விடியக் கூத்துப் பார்த்தனர். தெரிந்த கதையை எவ்வாறு ஆடுகிறார்கள் என்பதிலேதான் சுவை. பெரும்பாலான குத்துச்சண்டைப் படங்களின் குற்றம், தெரிந்த கதையைத் தெரிந்தவாறே ஆடிவிட்டுப் போனமைதான்.

ஓர் உதாரணம் கூறுவோம். 1927ஆம் ஆண்டில் வெளியான ‘த பேற்றன்ற் லெதர் கிட்’ என்னும் அமெரிக்கப் படத்திலே றிச்சட் பாதல்மெஸ் நடித்தார். அந்நடிப்பையும் வேறொரு படத்தில் அவர் காட்டிய நடிப்பையும் சேர்த்து, முதலாவது ஒஸ்கார் விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. நாட்டுப்பற்றில்லாத குத்துச்சண்டை வீரன் ஒருவன் முதலாம் உலகப் போருக்கு இழுத்துச் செல்லப்படுகின்றான். காயமுற்று உடல் முடங்குகின்றது. இறுதியிலே தேசியக் கொடியைக் கண்டதும் முடங்கிய கை எழுந்து வணக்கம் செய்கின்றது. பாதல்மெஸ் நல்ல நடிகர் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவர் செய்ய வேண்டியதைக் கொடி செய்துவிடும் இக்கதை இன்று நம்மை அசைக்கவில்லை. போர் ஓய்ந்து ஒன்பதாண்டுகள் ஆகியிருந்த மக்களுக்கு அஃது ஆறுதலாக இருந்திருக்கலாம். படத்திற்காக அன்றி அக்கால மக்களின் மனத்தை அறிய விரும்புவோர் மட்டும் அதனைப் பார்ப்பாராக.

இனி, பார்க்கத்தக்கதற்கு வருவோம். அதே 1927ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டனில் வெளியான ‘த றிங்’ என்னும் படத்தை அல்பிரட் ஹிச்கொக் இயக்கினார். மர்மப் படங்களால் உலகப் புகழ் பெற்ற அதே ஹிச்கொக்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. கதையும் அவருடையதே. றிங் என்ற சொல் ஆங்கிலத்திலே குத்துச்சண்டைக் கோதாவையும் குறிக்கும், மணமோதிரத்தையும் குறிக்கும். இரண்டும் வளையந்தாம், இரண்டிலும் ஒருவர் அகப்பட்டுக்கொள்கிறார் என்பது இயக்குநரின் குறும்பு.

களியாட்டு விழா ஒன்றிலே ஜக் என்பவன் கூடாரத்துக் குத்துச்சண்டை வீரன். எவர் வேண்டுமாயினும் அவனுடன் மோதலாம். முதற் சுற்றுக்குள் எல்லாரையும் வீழ்த்திவிடுவான் என்பதால் ‘ஒருசுற்று ஜக்’ என்பது அவன் விளம்பரப் பெயர். வாயிலிலே சீட்டு விற்பவள் அவன் மணக்கவிருக்கும் பெண். ஒருநாள் பொப் என்னும் அந்நியன் ஒருவன் அவளைக் கண்டு மயங்கி, விளையாட்டாகக் கோதாவில் ஏறுகின்றான். அவன் அவுஸ்திரேலியாவின் முதல்நிலை வீரன் என்பது அங்கு எவருக்கும் தெரியாது.

இவ்விடத்தில் ஹிச்கொக் செய்த ஒரு சிறு காரியத்தைக் கவனிக்க வேண்டும். சுற்றின் எண்ணைக் காட்டும் அட்டையை ஒருவன் மாட்டுகின்றான். ஒன்று என்ற அட்டை அழுக்கேறி, ஓரம் சிதைந்து, பலகாலம் கைபட்டுப் பழசாகியிருக்கின்றது. அதனை எடுத்துவிட்டு இரண்டு என்ற அட்டையை மாட்டுகின்றான். அதுவோ புத்தம் புதிது. அவ்வளவுதான். ஜக்கை எதிர்த்து எவனும் இரண்டாம் சுற்றைக் கண்டதில்லை, இன்றுதான் முதன்முறை என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் நாம் அறிந்துகொள்கின்றோம். பேசும்படமாக இருந்திருப்பின் பக்கத்தில் நிற்கும் ஒருவர் இதனை வாய்விட்டுக் கூறியிருப்பார். நாமும் கேட்டு மறந்திருப்போம். அட்டையை நாமே கண்டு நாமே பொருள் கொள்வதால் அது நெஞ்சில் நின்றுவிடுகின்றது. மாணவர்கள் கட்டுரை எழுதும்போது இந்த அட்டையை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

பொப் வெல்கின்றான். வென்ற பணத்திலே அப்பெண்ணுக்குப் பாம்பு வடிவிலமைந்த காப்பு ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றான். அந்தக் காப்புத்தான் படத்தின் மெய்யான வில்லன் என்று கூறினும் மிகையாகாது. அவள் அதனை மறைக்கின்றாள்; நீரிலே விழுகின்றது; ஜக்கே எடுத்துக் கொடுக்கின்றான். தன்னைத் தோற்கடித்த பணத்தில் வாங்கியது என்பதை அறிந்தபின், அதனை அவள் விரலிலே மோதிரம்போல் வளைத்துச் சுற்றுகின்றான். பின்னர் திருமணத்தின்போது அவன் மோதிரம் அணிவிக்கும் அதே கணத்தில் முழங்கைப் பக்கம் ஒளித்து வைத்திருந்த பாம்புக் காப்பு மணிக்கட்டுக்கு வழுக்கி இறங்குகின்றது. ஆயிரம் வரி வசனம் எழுதினும் அப்பெண்ணின் இரு மனத்தை இத்துணைத் தெளிவாகக் கூற முடியாது.

மற்றொரு காட்சி. ஜக் இப்போது படிப்படியாக முன்னேறி வருகின்றான். சுவரொட்டிகளில் அவன் பெயர் அடியிலிருந்து மேலே ஏறுகின்றது, பருவங்கள் மாறுகின்றன. ஒரு வெற்றியைக் கொண்டாட நண்பர்களுடன் வீட்டுக்கு வருகின்றான். மனைவி வீட்டில் இல்லை. பொப்புடன் வெளியே போயிருக்கின்றாள். வந்தவுடன் அருந்தலாம் என்று கிண்ணங்களிற் சம்பேன் மதுவை ஊற்றிவிட்டுக் காத்திருக்கின்றனர். கிண்ணத்திலே பொங்கும் நுரைக் குமிழிகள் மெல்ல மெல்ல அடங்குகின்றன. அவள் வரவில்லை. மது உயிரிழந்து வெறும் நீராகிக் கிடக்கின்றது. நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். குடும்பம் ஒன்று கெடுவதை அழுகையின்றி, அடிதடியின்றி இவ்வாறு காட்டிய படங்கள் இன்றும் பல இல்லை.

ஜக் வேடத்தில் நடித்த காள் பிறிசன் டென்மார்க் நாட்டவர். நடிகராகுமுன் உண்மையிலேயே குத்துச்சண்டை பயின்றவர். ஆகவே அவர் தோளும் காலும் பொய் சொல்லவில்லை. பயிற்றுவிப்பாளராக வரும் கோடன் ஹார்க்கரின் நெளிந்த உதட்டைப் பார்த்து நகைக்காதவர் இரார். அப்பெண்ணாக நடித்த லிலியன் ஹோல்-டேவிஸ் கண்ணை உருட்டுவதுமில்லை, மார்பில் அறைவதுமில்லை. பேசாப்பட நடிப்பென்றாலே மிகை என்று எண்ணுவோர் அவரைக் காண்பது நலம். பேசும்படங்கள் அவருக்கு வாழ்வளிக்கவில்லை. 1933ஆம் ஆண்டிலே முப்பத்தைந்து வயதில் மறைந்தார்.

இறுதிச் சண்டை இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திலே நடைபெறுகின்றது. அத்துணைப் பெருங்கூட்டத்தைச் சேர்க்கப் பணம் ஏது? வரைந்த கூட்டத்தின் படத்தைக் கண்ணாடி வழியே உண்மை நடிகர்களுடன் இணைத்துக் காட்டும் ஜெர்மானிய முறை ஒன்று அங்கு கையாளப்பட்டது. தந்திரம் தெரிந்தபின்னும் மண்டபம் நம் கண்ணுக்கு நிறைந்தே தோன்றுகின்றது. ஜக் அடி வாங்கித் தளர்கின்றான். அவன் மனைவி, முதலிற் பொப்பின் பக்கம் இருந்தவள், எழுந்து கணவனின் மூலைக்கு வருகின்றாள். குனிந்திருக்கும் ஜக், வாளி நீரிலே அவள் முகத்தின் நிழலைக் காண்கின்றான். அப்புறம் நடப்பதை நேயர்கள் அறிவர்.

இவ்விடத்திலே மாணவியர் சிலர் நம்மை மறிக்கக்கூடும். அப்பெண் என்ன, வெற்றிக் கிண்ணமா? வென்றவன் பக்கம் போவதும் தோற்பவனுக்கு இரங்கித் திரும்புவதுமாக ஒரு பெண்ணைச் சித்திரிப்பது முறையா என்று அவர்கள் கேட்டால், அக்கேள்விக்கு நாம் தலைவணங்குகின்றோம். படம் முழுவதும் அவள் யாருடையவள் என்பதே பேச்சு. அவள் என்ன விரும்புகின்றாள் என்று எவரும் கேட்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். அவள் திரும்பி வரும்போது ஜக் வெல்லவில்லை, தோற்றுக்கொண்டிருக்கின்றான். அவள் வெற்றியின் பின்னே போகவில்லை. இவ்வகைக் கதைகளுட் பெரும்பாலானவற்றில் இல்லாத ஓர் எண்ணம் இது. குறையை இது முற்றாகப் போக்கிவிடுகிறது என்று நாம் வாதிக்கமாட்டோம்.

பெண்ணைக் குறித்த உண்மையை இதைவிடக் கொடூரமாகக் கூறிய படம் ஒன்று எட்டாண்டுகளுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. டி. டபிள்யூ. கிறிபித் 1919ஆம் ஆண்டில் எடுத்த ‘புறோக்கன் புளொசம்ஸ்’ இலண்டன் மாநகரின் லைம்ஹவுஸ் சேரியிலே நிகழும் கதை. பேர்றோஸ் என்பவன் குத்துச்சண்டை வீரன். கோதாவிலே கூட்டம் அவனை வாழ்த்துகின்றது. மதுவும் கூத்தும் வேண்டாமென அவன் முகாமையாளர் கண்டிக்கிறார். அந்தக் கோபத்தை அவரிடம் காட்ட முடியாதவன் வீட்டுக்கு வந்து பதினைந்து வயது மகள் லூசியிடம் காட்டுகின்றான். சவுக்கினால் அடிக்கின்றான். அடித்துவிட்டுச் சிரி என்கின்றான். சிரிக்கத் தெரியாத அப்பிள்ளை இரண்டு விரல்களால் உதட்டின் இரு கோடியையும் மேலே தள்ளிச் சிரிப்பாக்கிக் காட்டுகின்றாள். லிலியன் கிஷ் என்னும் நடிகை செய்த இச்சிறு செயலைக் கண்டவர் மறக்கமாட்டார்.

அண்மையிற் கடை வைத்திருக்கும் சீன இளைஞன் ஒருவன் அவளுக்கு அடைக்கலம் கொடுக்கின்றான், பட்டாடை அளிக்கின்றான், ஒரு பொம்மை கொடுக்கின்றான். அவ்வேளையிலேயே தந்தை கோதாவிற் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றான். கிறிபித் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றார்: இங்கே மெல்லிய கை ஒன்று பிள்ளையின் ஆடையைச் சீர்செய்கின்றது, அங்கே முரட்டுக் கை ஒருவன் முகத்தை உடைக்கின்றது, கூட்டம் ஆரவாரிக்கின்றது. அந்த ஆரவாரம் நமக்குக் கேட்பதில்லை. கேட்காததால், திறந்த வாய்களும் ஆடும் கைகளும் மட்டும் தெரிகின்றன. அப்போது அக்கூட்டம் எவ்வளவு அருவருப்பாக இருக்கின்றது! ஓசையில்லாத குத்துச்சண்டை உப்பில்லாத கறி என்ற அன்பருக்கு இக்காட்சியையே விடையாக அளிக்க விரும்புகின்றோம். ஓசை இருந்திருப்பின் நாமும் அக்கூட்டத்தோடு சேர்ந்து ஆரவாரித்திருப்போம்.

அதன்பின் தந்தை மகளை இழுத்து வருகின்றான். அவள் ஒரு சிறு அலுமாரி அறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொள்கின்றாள். வெளியே அவன் கோடரியாற் கதவைப் பிளக்கின்றான். உள்ளே அவள் கூண்டிலிட்ட அணில்போல் சுற்றிச் சுற்றி வருகின்றாள். அவ்வறையும் ஒரு கோதாதான். ஆனால் அங்கே மத்தியஸ்தர் இல்லை, மணியோசை இல்லை, ஒரு நிமிட ஓய்வும் இல்லை. முடிவு துயரமானது. இப்படத்தை மிகை என்று கூறுவோர் உளர். வீட்டினுள்ளே நடக்கும் அடியை அடுத்த வீட்டார் கேட்டும் கேளாததுபோல் இருக்கும் வழக்கம் உலகை விட்டு நீங்கிவிட்டதா? நீங்கவில்லையாயின் இக்கதை மிகையன்று.

இனி, மேலே ஒத்திவைத்த செய்திக்கு வருவோம். இப்படங்களிலே கறை உண்டு. அதனைத் துடைத்துக் காட்ட நாம் விரும்பவில்லை. ‘புறோக்கன் புளொசம்ஸ்’ படத்தில் சீனராக நடித்தவர் மேலே கூறிய பாதல்மெஸ் என்னும் வெள்ளையர். கண்ணைச் சுருக்கியும் முதுகைக் கூனியும் நடித்தார். சீனரைப் பழிக்கும் சொற்கள் வசன அட்டைகளில் வருகின்றன. அந்த இளைஞனை நல்லவனாகக் காட்டும் படமே அவனை அவன் இனத்தார் ஒருவரைக் கொண்டு நடிப்பிக்கத் துணியவில்லை. அதே கிறிபித்தான் 1915ஆம் ஆண்டில் வெள்ளை வெறியரான கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தை வீரராகப் புகழ்ந்து படமெடுத்தவர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ‘த றிங்’ படத்தின் களியாட்டுக் காட்சியிலே கறுப்பு மனிதர் ஒருவரை இலக்காக இருத்தியிருக்கின்றனர். சிறுவர் முட்டையால் எறிகின்றனர். சூழ நிற்போர் நகைக்கின்றனர். ஒரு வசன அட்டையிற் கறுப்பின வீரரைக் குறிக்க இழிசொல் ஒன்றும் வருகின்றது. 1910ஆம் ஆண்டிலே ஜக் ஜோன்சனின் வெற்றியைக் கண்டு கலகம் செய்த உலகமும், மாநிலம் கடந்து அப்படம் செல்லாதவாறு சட்டம் செய்த உலகமும் இதுவே. கற்பனைப் படங்களிலே வெள்ளை வீரர்களே நாயகராக மின்னியது தற்செயலன்று.

இத்தகைய காட்சிகளை வெட்டிவிட்டுச் சிறாருக்குக் காட்டலாம் என்று சில பெற்றோர் கருதுகின்றனர். நாம் அதற்கு உடன்படவில்லை. வெட்டிவிட்டாற் படம் தூயதாகிவிடாது, பொய்யாகிவிடும். படத்தை நிறுத்தி, அந்த மனிதர்மீது முட்டை எறியும்போது கூட்டம் ஏன் சிரிக்கின்றது என்று பிள்ளைகளிடம் கேட்பதே மேல். பதில் சொல்லத் தெரியாத சிறு பிள்ளையாயின் இன்னும் இரண்டாண்டு பொறுத்துக் காட்டலாம், படம் ஓடிப்போகாது.

ஓடிப்போகாது என்றோம், ஆயினும் பேசாப்படங்களுட் பெரும்பாலானவை உண்மையிலேயே போய்விட்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீளப் பேசாப்படங்களுள் முதலில் வெளியான வடிவிலேயே இன்று எஞ்சியிருப்பன 14 வீதமே. அக்காலத்து நைத்திரேற்றுச் சுருள் எளிதிற் தீப்பற்றும், தானாகவே உளுத்தும் போகும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டனவும் உண்டு. பேசும்படம் வந்தபின் பேசாப்படத்தை எவர் பேணுவார்? ‘த றிங்’ வெளியான அதே ஒக்ரோபர் மாதம் 6ஆம் திகதிதான் நியூயோர்க்கில் ‘த ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் பாடியும் பேசியும் தோன்றியது. ‘த றிங்’ தப்பிப் பிழைத்தது. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் ஹிச்கொக்கின் பேசாப்படங்கள் ஒன்பதைச் செப்பனிட்டு 2012ஆம் ஆண்டில் மக்களுக்குக் காட்டியபோது அதுவும் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

பொம்மைபோல் ஓடும் குறையையும் சொல்லிவிடுவோம். அது நடிகரின் குறையன்று. அக்காலத்தில் கமராவைக் கையாற் சுற்றினர். செக்கனுக்குப் பதினாறு முதல் இருபதுக்கு மேற்பட்ட படங்கள்வரை ஆளுக்கு ஆள் வேகம் மாறும். பேசும்படத்துக்கு இருபத்து நான்கு என்று வகுத்த வேகத்தில் அவற்றை ஓட்டினால் மனிதர் துள்ளத்தான் செய்வர். ஒழுங்காகச் செப்பனிடப்பட்ட பிரதியிற் பார்த்தால் அவர்கள் நம்மைப்போலவே நடப்பர். ஆகவே இணையத்தில் முதலில் அகப்படும் மங்கிய பிரதியைக் கண்டு ஒரு படத்தைத் தள்ளிவிடுவது, கிழிந்த புத்தகத்தைக் கண்டு நூலாசிரியரைப் பழிப்பது போலாகும். இசையும் அவ்வாறே. அன்றைய படமாளிகைகளில் பியானோவோ வாத்தியக் குழுவோ ஒலிக்காமற் படம் ஓடுவது அரிது. முற்றிலும் ஓசையற்ற படம் என்று நாம் நினைப்பது பின்னாளிற் பிறந்த தவறான எண்ணம்.

இவ்வகைப் படங்களைக் கேலி செய்த இரு படங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுவோம். பஸ்ரர் கீற்றனின் ‘பற்லிங் பட்லர்’ (1926) படத்திலே செல்வந்த வீட்டுச் சோம்பேறிப் பிள்ளை ஒருவன், தன் பெயரையே கொண்ட குத்துச்சண்டை வீரனாக நடித்துக் காதலியின் வீட்டாரை ஏமாற்றப் போய் அகப்பட்டுக்கொள்கின்றான். நகைப்பு முழுவதும் ஓடி, இறுதியில் உடைமாற்றும் அறையிலே உண்மை வீரனிடம் அவன் அடிவாங்கும்போது நமது சிரிப்பு நின்றுவிடுகின்றது. அவன் திருப்பி அடிக்கத் தொடங்கும்போது எவரும் சிரிப்பதில்லை. சார்ளி சப்ளினின் ‘சிற்றி லைற்ஸ்’ (1931) பேசும்படக் காலத்திலே பிடிவாதமாகப் பேசாது வெளிவந்தது. பார்வையற்ற பூக்காரிக்குப் பணம் தேட அவர் கோதாவில் ஏறி, மத்தியஸ்தரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து ஒளிந்து ஆடும் ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அங்கே காதலியின் முகம் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். குத்து விழுகின்றது, சப்ளின் தோற்கின்றார், பணமும் கிடைக்கவில்லை. மிகையுணர்ச்சிப் படங்கள் நூறு கூறத் துணியாத உண்மையை ஒரு நகைச்சுவைப் படம் கூறிவிட்டது.

வீட்டிலே எல்லாரும் கூடிப் பார்க்க விரும்புவோர் சப்ளினிலிருந்து தொடங்கலாம். பாலரும் முதியோரும் ஒன்றாகச் சிரிப்பர். அடுத்துக் கீற்றன். மேல்வகுப்பு மாணவருக்கு ‘த றிங்’ படத்தைக் காட்டலாம். சுற்றின் அட்டை, காப்பு, சம்பேன், வாளி நீர் ஆகிய நான்கையும் முன்கூட்டியே சொல்லிவிடாமல் அவர்களே கண்டுபிடிக்க விட்டுவிடுவது நன்று. இக்கட்டுரையை முதலில் அவர்கள் கையிற் கொடுத்துவிட்ட பெற்றோர் நம்மை மன்னிப்பாராக. ‘புறோக்கன் புளொசம்ஸ்’ வளர்ந்தோருக்கு உரியது. அதனை இரவிலே, உறங்கப் போகுமுன் பார்க்க வேண்டாம். பகலிலே பார்த்துவிட்டு, அலுமாரி அறைக் காட்சியைப் பற்றி வீட்டிலுள்ள பெண்கள் என்ன கூறுகிறார்கள் என்பதை ஆண்கள் சற்றே பொறுமையாகக் கேட்கலாம்.

அந்தப் பாம்புக் காப்பு இறுதியில் என்னவாயிற்று என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். கோதா அருகே அது கழன்று கிடக்கின்றது. பொப்பின் உதவியாள் ஒருவன் கண்டெடுத்து எசமானிடம் கொண்டுபோய் நீட்டுகின்றான். பொப் அதனைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொள்கின்றான். அங்கும் வசன அட்டை இல்லை.